அப்பாவிடம் சொல்லாதே

செப்டம்பர் 14, ஞாயிறு

தேவகி அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. சாப்பிட்டுக் கை கழுவியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா வசு, ஏழு மாசப் புள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு தீம் பார்க்குக்குப் போயி நீ என்ன பண்ணப் போறே? அவனும் மிதுனாவும் போயிட்டு வரட்டும். நீ பேசாம ஊட்டுல இரு."

"நான் எதுலயும் ஏறப் போறதில்லைங்க அண்ணி. நெழல்ல உக்காந்திருக்கப் போறேன், அவ்வளவுதான்."

"அங்க உக்காருறத இங்கயே உக்காரலாமே?"

மிதுனா காதில் விழுகிற தூரத்தில் இருந்தாள். இவருக்கு இரண்டாம் தாரமாக நான் இந்த வீட்டுக்கு வந்த வாரத்தில், மூத்த தாரத்து மகளான அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது வேறு வழி தெரியாமல், "உன் பொறந்தநாளுக்கு மூணு பேரும் தீம் பார்க் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். போன வருடம் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. இந்த மாதம் 29ஆம் தேதி அவளுக்குப் பத்து வயது முடிகிறது. காலாண்டு விடுமுறையும் சேர்ந்து வருகிறது. குழந்தை பிறந்துவிட்டால் அப்புறம் எங்கே போவது? சொந்தப் பிள்ளை வரப்போகிறது என்றதும் இவளை ஒதுக்கிவிட்டாள் என்று ஊரில் யாரும் சொல்லக் கூடாது. மிதுனா நினைக்கவே கூடாது.

அண்ணி கிளம்பும்போது என் காலைப் பார்த்துவிட்டுப் போனார். வீக்கம் எல்லாருக்கும் வருவதுதான்.

செப்டம்பர் 17, புதன்

மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி பீரோவில் வைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

29ஆம் தேதிதான் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள். போன் செய்து அந்த வாரக் கடைசிக்கு மாற்றிக்கொண்டேன். நர்ஸுக்கு மனமில்லை. "போன தடவையே பிரஷர் கொஞ்சம் ஏறித்தானுங்க இருந்துச்சு, தள்ளிப் போடாதீங்க" என்றார். சில நாட்களில் என்ன ஆகிவிடும்?

இவரிடம் சொல்லவில்லை. பிரசவம் என்ற பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். கயிறு ஆலையில் நாற்பது பேரை மேய்க்கிற மனிதர், வீட்டில் இந்த ஒரு பேச்சுக்கு நிற்பதில்லை. இவருடைய முதல் மனைவி பூங்கொடி எட்டாம் மாதத்தில் போய்ச் சேர்ந்தார், வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை என்று பெண் பார்க்க வந்த அன்று சொன்னார்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை. எனக்குப் பயம் என்று இல்லை. அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான்.

மார்க்கெட்டில் மிதுனாவுக்கு நீச்சல் உடை வாங்கினோம். நீலம்தான் வேண்டும் என்றாள். வாங்கியதும் எனக்கும் ஒரு தொப்பி எடுத்துக் கொடுத்து, "வெயில் அடிக்கும் சித்தி" என்றாள். அவளாக எனக்கு எடுத்துக் கொடுத்த முதல் பொருள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். உடுமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் பவர் பார்க்க உட்கார்ந்தார். கண்ணோரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது, கூடவே தலைவலி என்றார். கண்ணாடி அப்புறம் போடலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். முதலாளிக்கு வியாபாரம் போன வருத்தம். எனக்கு இல்லை. இருபது வருடமாகக் கண் பார்க்கிறேன், எதை விளையாட்டாக விடக் கூடாது என்று தெரியும்.

மதியம் எனக்கும் வலது ஓரத்தில் கொஞ்ச நேரம் பொறி பறந்தது. இந்த வாரம் தூக்கம் போதவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மிதுனா சில நாட்களாக என்னை விட்டு நகர்வதில்லை. நான் குளிக்கப் போனால் வெளியே நின்றுகொண்டு, "சித்தி, ஆச்சா?" என்று கேட்கிறாள். மாவு ஆட்டினால் கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். பார்க் போகிற குஷி என்று நினைக்கிறேன். சாயங்காலம் திடீரென்று கேட்டாள்.

"தலை வலிக்குதா சித்தி?"

"இல்லியே."

"நெத்திய அழுத்திட்டு இருந்தீங்க."

"சும்மா. நீ போயிப் படி."

போனாள். ஆனால் அறைக்குள் போகவில்லை, கதவுக்குப் பின்னால் அவள் கால் தெரிந்தது.

அவளுடைய டீச்சர் போன் செய்தார். ஆண்டு விழாவுக்கு நடனத்தில் சேர மறுக்கிறாளாம். "ஒண்ணாங் கிளாஸ்ல என்னமா ஆடுவா தெரியுங்களா! மூணு வருசமா மேடைப் பக்கமே வரமாட்டேங்கறா." இவரிடம் கேட்டதற்கு, கூச்சம் என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

துண்டு, மாற்றுத் துணி, சீப்பு, பாலித்தீன் பை எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்களாம். என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் தலைவலி மாத்திரை ஒரு அட்டை.

படுக்கும் முன் இவர் கேட்டார். "வசு, நெசமாலும் நீ வரணுமா?"

"ஏன், நான் வந்தா ஆகாதா?"

"அப்படியில்ல." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முகமெல்லாம் உப்புன மாதிரி இருக்குது."

"மாசமா இருக்கறவ முகம் ஒடுங்கியா போகும்?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

கார் வந்துவிட்டது. மிதுனா மஞ்சள் சட்டையில் அழகாக இருக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4, சனி

மருத்துவமனை. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. விரல் இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது. கோர்வையாக வருமா தெரியாது. வந்தவரை எழுதுகிறேன்.

பார்க்கில் நுழையும்போதே எனக்குத் தலை கனத்துவிட்டது. டிக்கெட் வாங்கும் இடத்தில் மிதுனாவைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்கள். பெரிய ராட்டினங்களில் ஏறும் உயரம் வந்துவிட்டது என்று அவள் கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டினார்கள். எனக்கு எதுவும் கட்டவில்லை. "மேடம், நீங்க எதுலயும் ஏற முடியாதுங்க, தெரியும்ல?" என்று பட்டை கட்டிய பெண் மரியாதையாகச் சொன்னாள். ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் அதே பலகை. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். மிதுனா ஒன்றுவிடாமல் நின்று படித்தாள். படித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் செருப்பு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தேன். அலைக் குளத்தில் அப்பாவும் மகளும் இறங்கினார்கள். அலை வரும்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு அலையைப் பார்க்கின்றன. இவள் மட்டும் கரையைப் பார்த்தாள். நான் கையசைத்தேன். அவள் பதிலுக்கு அசைக்கவில்லை. எண்ணி உறுதி செய்துகொள்கிற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மாத்திரை இரண்டு போட்டும் வலி அடங்கவில்லை. மேல் வயிற்றில், விலாவுக்குக் கீழே யாரோ முட்டியால் அழுத்துகிற மாதிரி இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன். இவர் சாப்பாடு வாங்கக் கூட்டத்துக்குள் போனார். எதிரே ஒரு பெரிய ராட்டினம், அதன் பலகை. பழக்க தோஷம், ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் படித்துப் பார்த்தேன். 'கர்ப்பிணிகள்' என்ற சொல்லில் நடு எழுத்துகள் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. கண்ணை மாற்றிப் பொத்தினேன். அதிலும் இல்லை.

கையை எடுத்தபோது மிதுனா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கண்ணுல என்ன சித்தி?"

"ஒண்ணுமில்ல."

"லைட் அடிக்குதா?"

இந்தக் கேள்வி இவளுக்கு எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. "கொஞ்சூண்டு. தலையும் வலிக்குது. வெயில்ல அப்படித்தான். அப்பாகிட்ட சொல்லாத கண்ணு. சொன்னா இப்பவே கிளம்பலாம்பார். உன் பொறந்தநாள் கெட்டுப் போயிரும்."

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், குளிரில் நடுங்குகிறாள் என்று துண்டை எடுத்துப் போர்த்தினேன்.

சாப்பிட்டுவிட்டு அந்தப் பெரிய ராட்டினத்துக்கு வரிசையில் நின்றார்கள். நீளமான வரிசை. இவர் ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒருவழியாக முறை வந்து உட்கார்ந்து, மார்புக்கு மேல் கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். மணி அடித்தது. அப்போதுதான் கத்தினாள். பயத்தில் கத்துகிறாள் என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, சித்திக்கு தலை வலிக்குதுப்பா! கண்ணுல லைட் அடிக்குதாம்! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க! எறக்கி விடச் சொல்லுங்கப்பா, எறக்கி விடச் சொல்லுங்க!"

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உள்ளதை எழுத வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சொல்லாதே என்று சொன்ன ஒன்றை இப்படியா ஊர் கூட்டிச் சொல்வது என்று. எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினேன்.

இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராட்டினத்தை நிறுத்திக் கம்பியைத் திறந்ததுமே படிகளில் இறங்கி ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கோ போய்விட்டது. அந்த முகம் ஏற்கெனவே எல்லாம் தெரிந்த முகம்.

முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் பிரஷர் பார்த்தார். பட்டையைக் கழற்றி அடுத்த கையில் கட்டி மறுபடியும் பார்த்தார். பிறகு எங்களிடம் பேசாமல் போனை எடுத்து ஆம்புலன்ஸ் கேட்டார். மிதுனாவை அங்கேயே யாரிடமாவது விட்டுவிட்டு வரலாம் என்றார்கள். அவள் ஈர உடையோடு டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஊசிகள், வெளிச்சம், ஒரு டாக்டர் இவரிடம் கையெழுத்து கேட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. சாயங்காலமே அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மாடியில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். மூக்கில் குழாய். விரலால் தொட விட்டார்கள். உள்ளங்கால் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கண் பரிசோதிக்கிற வேலை என்று தலை குனிந்தபடி சொன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

இவர் பேசினார். இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவை பூங்கொடியைப் பற்றிப் பேசினார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"அவளுக்கும் இதேதான் வசு. பிரஷர். மிதுனா ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போயிட்டு வந்து படுத்தா. விடியக்காலம் வலிப்பு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. தலைவலின்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லல. ஒரு வார்த்தை யாராச்சும் எங்கிட்டச் சொல்லியிருந்தா..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மிதுனா வாசலில் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

வருகிறவர்கள் எல்லாரும் மிதுனாவைத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். தேவகி அண்ணி அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். "ரெண்டு உசுரக் காப்பாத்திப்போட்டா என்ற தங்கம்! நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தா என்னாகியிருக்கும்!" என்று கன்னத்தை வழித்தார். சர்ஜரி டாக்டர் அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

அவள் சாக்லேட்டைப் பிரிக்கவில்லை. நேற்று மதியத்திலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை என்று இவர் சொல்கிறார். பாப்பாவைப் பார்க்கவும் மாடிக்கு வரமாட்டேன் என்கிறாள்.

அக்டோபர் 8, புதன்

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுதி வைக்க வேண்டும்.

மதியம் இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நானும் மிதுனாவும் மட்டும். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நான் சொன்னதுனாலதான நீங்க பொழச்சீங்க?"

"ஆமாங் கண்ணு. சத்தியமா." பெருமையாகத்தான் சொன்னேன். அவள் எங்கே வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப அம்மாவுக்கும் நான் சொல்லியிருந்தா?"

நூலைப் பிரிப்பதை அவள் நிறுத்தவில்லை. அப்படியே சொன்னாள். ஆண்டு விழாவுக்கு முன்னால் அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாராம். நடுவில் பின்னலை விட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கண்ணில் லைட் லைட்டாக அடிக்கிறது என்றாராம். "அப்பாகிட்ட சொல்லாத தங்கம், சொன்னா நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவார், உன் டான்ஸ் பாக்க முடியாம போயிரும்னு சொன்னாங்க. எனக்கும் அம்மா பாக்கணும்னு இருந்துச்சு. நான் சொல்லல."

அன்றைக்கு அவளுக்கு ஏழு வயது. மூன்று வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அவளிடம் நான் போய், அதே வார்த்தையை, அதே மாதிரி...

'இல்லடா, அது வேற' என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு மாதமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த டைரியிடம்கூட. இவளிடம் முடியவில்லை. சொன்னாலும் நம்பமாட்டாள்; அப்பா பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"பொழச்சிருக்கலாம்," என்றேன். "பொழைக்காமயும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா அதைச் சொல்ல வேண்டியது நீ இல்ல. அவங்களுக்குத்தான் வலிச்சுது, அவங்கதான் சொல்லியிருக்கணும். ஏழு வயசுப் புள்ள, அம்மா சொன்னதக் கேட்டே. அவ்வளவுதான் நீ செஞ்சது. நானும் உங்கிட்ட அதையே கேட்டேன் பாரு, அது தப்பு. ரொம்பத் தப்பு. நான் கேட்டிருக்கவே கூடாது."

"அம்மாவத் திட்டாதீங்க."

"திட்டல. அவங்களுக்கு உன் டான்ஸ் பாக்கணும்னு ஆசை. எனக்கு உன்னை ராட்டினத்துல பாக்கணும்னு ஆசை. தலைவலிதானேன்னு ரெண்டு பேருமே நெனச்சுட்டோம்."

பிரித்த நூலை விரலில் சுற்றினாள். பிறகு, "நான் நல்லாத்தான் ஆடுனேன் சித்தி. ஒரு ஸ்டெப்பும் தப்பா வெக்கல. அம்மா கை தட்டுனாங்க" என்றாள். உதடு கோணியது. ஆனால் அழவில்லை. "அப்பாகிட்ட சொல்லிருவீங்களா?"

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லணும்னு நெனச்சா சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

இவர் மருந்துப் பையோடு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மிதுனா எழுந்து நின்றாள், வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்ல எழுகிற மாதிரி. சொன்னாள். தலை பின்னியது, லைட் அடித்தது, சொல்லாதே என்றது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "எனக்குத் தெரியும்ப்பா. நாந்தான் சொல்லல" என்றாள்.

எனக்கு இவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று மூன்று வருடமாக மனதுக்குள் அரற்றுகிற மனிதர். அவர் முகம் ஒரு நொடி வேறு யாருடையதோ மாதிரி ஆனது. அதை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பிறகு மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"மூணு வருசமா நீ ஒருத்தியாவா இத வெச்சுக்கிட்டு இருந்தே?" என்றார். "எங்கண்ணுக்கு அது தெரியாமப் போச்சே சாமி."

இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பத்து வயதுப் பெண், கால்கள் இரண்டும் மடிக்கு வெளியே நீண்டன. அப்போதுதான் அழுதாள். குரலெடுத்து, மூச்சு முட்ட, அம்மா அம்மா என்று அழுதாள். எனக்குத் தையல் போட்ட வயிறு, எழுந்து போக முடியவில்லை. கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வார்டு சிஸ்டர் வேகமாகக் கதவைத் திறந்தார். "என்னாச்சுங்க? பக்கத்து ரூம்ல பேஷண்ட் இருக்காங்க..."

"அழட்டும் சிஸ்டர்," என்றேன்.

அவர் மூன்று பேரையும் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

மாடியில் பாப்பாவுக்குப் பால் எடுத்துக் கொடுத்தனுப்பும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.